திரையடியில் மறைந்த மூன்று பொத்தான்கள்

 

சென்ற மாதம் ஒரு நிக்காஹ் விஷயமாக முகையூர் வரை செல்ல நேர்ந்தது. ஒரு பக்கம் திருக்கோவிலூர், மறு பக்கம் விழுப்புரம் என்று இரண்டு ஊர்களுக்கும் நடுவே இருக்கும் இவ்வூர், விழுப்புரம் மாவட்டத்தின் 13 ஊராட்சி ஒன்றியங்களுள் ஒன்றின் தலைமையிடம். 2006 தேர்தல் வரை முகையூர் என்னும் பெயரில் ஒரு சட்டமன்றத் தொகுதியே இருந்தது. 2008ஆம் ஆண்டுத் தொகுதி மறுவரையறையில் அப்பெயர் நீங்கிவிட்டது. 2011 முதல் அவ்வூர் மக்கள் வேறு தொகுதியின் பெயரால் வாக்களித்து வருகிறார்கள். பெயர்தான் பட்டியலில் இல்லை. ஊரும் இருக்கிறது, வாக்கும் இருக்கிறது. இதை இங்கே ஏன் எழுதுகிறேன் என்பது சற்றுப் பின்னால் விளங்கும்.

அவ்வூரில் என் மாமி ஒருவர் இருக்கிறார். மாமா வஃபாத்தாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. மகன் சவூதியில், தம்மாமில் வேலையில் இருக்கிறார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் தாயாரை அழைத்துப் பேசுவது அவர் வழக்கம். அவ்வாரம் அழைத்தபோது மாமியின் கைப்பேசி அணைந்து கிடந்தது. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் பதறிப்போய் அண்டை வீட்டாரை அழைத்து, "அம்மாவுக்கு என்ன ஆயிற்று?" என்று கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. கைப்பேசிக்குத்தான் ஏதோ ஆகிவிட்டிருந்தது.

"அதுல கீழ மூணு பொத்தான் இருக்குமே, அது காணாம போச்சு கண்ணு. உள்ள போனா வெளிய வர வழியில்ல. அதான் அணைச்சு வெச்சுட்டேன்" என்றார் மாமி.

அவர் செய்து வந்தது இதுதான்: ஒரு செயலிக்குள் சென்றுவிட்டால் திரும்பி வரத் தெரியாது. ஆகவே பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தி, கைப்பேசியை முழுவதுமாக அணைத்துவிட்டு, மீண்டும் உயிர்ப்பிப்பது. ஒரு வாரம் இப்படி ஓட்டியிருக்கிறார். பின்னர் அதுவும் அலுத்து, அணைத்தது அணைத்தபடியே அலமாரியில் வைத்துவிட்டார்.

பழுது பார்க்கும் கடைகள் இரண்டிற்குக் கொடுத்தனுப்பியும் பார்த்திருக்கிறார். ஒரு கடையில், "டிஸ்பிளே போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்றார்களாம். மற்றொன்றில், "சாப்ட்வேர் புதிதாகப் போட வேண்டும், உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், பரவாயில்லையா?" என்று கேட்டார்களாம். மாமி பரவாயில்லை என்று சொல்லவில்லை. கைப்பேசியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். காரணத்தைக் கடைக்காரரிடம் அவர் சொல்லவில்லை, என்னிடம் சொன்னார். மகளின் பிரசவத்திற்காக மாமி சென்னையில் தங்கியிருந்த நாட்களில், மாமா முகையூரிலிருந்து வாட்ஸ்அப் வழியே குரலைப் பதிவு செய்து அனுப்பிக்கொண்டிருந்தார். மோட்டார் ஓடவில்லை, பால்காரர் கணக்குக் கேட்கிறார், மருந்துச் சீட்டை எங்கே வைத்தாய் என்பன போன்ற சாதாரணப் பேச்சுகள்தாம். அவை அந்தக் கைப்பேசியில் மட்டுமே இருக்கின்றன. வேறு எங்கும் பிரதி இல்லை.

1980களிலும் 1990களிலும் வளைகுடா நாடுகளில் இருந்த கணவன்மார்கள் ஒலிநாடாவில் பேசிப் பதிவு செய்து, ஊருக்கு வருபவர் கையில் கொடுத்தனுப்புவார்கள் என்பது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அந்த நாடாக்களை இன்றும் பெட்டியில் வைத்திருக்கும் வீடுகள் உண்டு. நாடா சிக்கினால் பென்சிலைச் செருகிச் சுற்றிச் சரிசெய்தோம். யாரும் அதை அழித்துவிட்டுப் புதிதாகத் தருகிறேன் என்று சொல்லவில்லை. சரி, விஷயத்திற்கு வருவோம்.

மாமியின் கைப்பேசி சாம்சங் நிறுவனத்துடையது. அதில் எந்தப் பழுதும் இல்லை. விடுமுறைக்கு வந்திருந்த பேரன் அதில் விளையாடியிருக்கிறான். விளையாடும்போது விரல் தவறிக் கீழேயுள்ள பொத்தான்களில் பட்டு ஆட்டம் நின்றுவிடவே, பொத்தான்களை நீக்கிவிட்டு, விரலால் தள்ளி நகர்த்தும் முறைக்கு மாற்றிக்கொண்டான். விடுமுறை முடிந்ததும் ஊருக்குப் போய்விட்டான். அவனுக்கு அது நினைவிலேயே இல்லை. அரை நிமிடத்தில் மூன்று பொத்தான்களும் திரும்பி வந்தன.

அந்த அரை நிமிடத்தில் செய்தது என்ன என்பதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். ஏனெனில் இது மாமி ஒருவரின் தொல்லை அன்று. பிள்ளைகள் வெளிநாட்டிலும் வெளியூரிலும் இருக்க, தனித்திருக்கும் பெற்றோர் வீடுகளில் இது அடிக்கடி நடக்கிறது.

முதலில் அந்த மூன்றையும் அறிந்துகொள்ளுங்கள். முக்கோணம் அல்லது இடப்பக்கம் பார்க்கும் அம்புக்குறி போல் இருப்பது பின்செல்லும் பொத்தான். வட்டமாகவோ சிறு கட்டமாகவோ நடுவில் இருப்பது முகப்புக்குக் கொண்டுவரும் பொத்தான். சதுரமாகவோ மூன்று கோடுகளாகவோ இருப்பது, சற்று முன் திறந்தவற்றையெல்லாம் வரிசையாகக் காட்டுவது. 2008இல் விற்பனைக்கு வந்த முதல் ஆண்ட்ராய்டு கைப்பேசியில் முகப்புக்கும் பின்செல்வதற்கும் அழுத்தினால் அமுங்கும் உண்மையான பொத்தான்கள் இருந்தன. 2011இல் வந்த ஆண்ட்ராய்டு 4.0 பதிப்பில்தான் இவை கண்ணாடிக்குள் வெறும் சித்திரங்களாகக் குடியேறின. சித்திரம் என்றால் அழிக்கவும் எழுதவும் முடியும் அல்லவா? 2013இல் வந்த 4.4 பதிப்பு, படம் பார்க்கும்போதும் நூல் வாசிக்கும்போதும் அவற்றை மறைத்துத் திரை முழுவதையும் பயன்படுத்த வழி செய்தது. சாம்சங் நிறுவனம் 2017இல் கேலக்ஸி எஸ் 8 கைப்பேசியில் தன் பழைய அமுங்கும் பொத்தானைக் கைவிட்டது. ஆப்பிள் நிறுவனமும் அதே ஆண்டில் ஐபோன் 10இல் வட்டப் பொத்தானை நீக்கியது. 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10 பதிப்பிலிருந்து, பொத்தானே இல்லாமல் விரலால் தள்ளி நகர்த்தும் முறை பரவலாயிற்று. ஆனால் மூன்று பொத்தான் முறையை ஆண்ட்ராய்டு கைவிட்டுவிடவில்லை. தொகுதிப் பெயர் போன முகையூரைப் போலத்தான் இதுவும்: கண்ணுக்குத் தெரியும் அடையாளம் போயிற்றே தவிர, உள்ளே இருப்பது அப்படியே இருக்கிறது.

ஆகவே பொத்தான் காணாமற்போன உடனே அவசரத்திற்குச் செய்ய வேண்டியது இது. திரையின் கீழ் விளிம்பிலிருந்து மேல்நோக்கி விரலால் ஒரு தள்ளு தள்ளுங்கள், முகப்புக்கு வந்துவிடுவீர்கள். அதே போல் தள்ளி, நடுவில் விரலை எடுக்காமல் சற்று நிறுத்தினால் முன்பு திறந்தவை வரிசையாகத் தோன்றும். இடது அல்லது வலது ஓரத்திலிருந்து உள்நோக்கித் தள்ளினால் ஒரு படி பின்னால் செல்லலாம். கைப்பேசியை அணைக்க வேண்டிய அவசியமே இல்லை. தடித்த உறை போட்டிருந்தாலும், ஓரம் உயர்ந்த கண்ணாடி ஒட்டியிருந்தாலும் விரல் விளிம்பைத் தொடாது. அப்போது உறையைக் கழற்றிவிட்டு முயலுங்கள்.

இனிப் பொத்தான்களை நிலையாகத் திரும்பக் கொண்டுவரும் வழி. திரையின் உச்சியிலிருந்து கீழ்நோக்கி இருமுறை இழுத்தால், பற்சக்கரம் போன்ற ஒரு சின்னம் தெரியும். அதுதான் செட்டிங்ஸ், தமிழில் வைத்திருப்போருக்கு 'அமைப்புகள்'. சாம்சங்கில் அதனுள் டிஸ்பிளே, அதனுள் நேவிகேஷன் பார். அங்கே 'பட்டன்ஸ்', 'ஸ்வைப் ஜெஸ்சர்ஸ்' என்று இரண்டு இருக்கும். 'பட்டன்ஸ்' என்பதைத் தொட்டால் போதும். கூகுளின் பிக்சல் கைப்பேசியில் சிஸ்டம் என்னும் பகுதியில் நேவிகேஷன் மோடு என்றோ, ஜெஸ்சர்ஸ் என்பதன் உள்ளேயோ இருக்கும். அங்கே 'மூன்று பட்டன்' முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ரெட்மி, ஷாவ்மி கைப்பேசிகளில் ஹோம் ஸ்கிரீன் என்னும் பகுதிக்குள் சிஸ்டம் நேவிகேஷன். அவற்றுள் பழையனவற்றில் கூடுதல் அமைப்புகளுக்குள் 'முழுத்திரை' என்ற தலைப்பின் கீழ் இருக்கும். விவோ, ஓப்போ, ரியல்மி ஆகியவற்றிலும் இதே பொருள்படும் பெயரில் உண்டு. ஒவ்வொரு பதிப்பிலும் இடம் மாற்றி மாற்றி வைப்பதில் இந்நிறுவனங்களுக்கு என்ன இன்பமோ, தெரியவில்லை! இடத்தை மனப்பாடம் செய்ய வேண்டாம். செட்டிங்ஸின் மேற்பகுதியில் உருப்பெருக்கிக் கண்ணாடி போன்ற தேடும் சின்னம் இருக்கும். அதில் 'நேவிகேஷன்' என்று ஆங்கிலத்திலோ, தமிழில் வைத்திருந்தால் 'வழிசெலுத்தல்' என்றோ எழுதுங்கள். அதுவே அழைத்துச் செல்லும்.

அதே பக்கத்தில் பொத்தான்களின் வரிசையை மாற்றும் வசதியும் பல கைப்பேசிகளில் உண்டு. சாம்சங்கில் பின்செல்லும் பொத்தான் வலப்பக்கம். வேறு பலவற்றில் இடப்பக்கம். மகன் வாங்கித் தந்த புதுக் கைப்பேசியில் பின்செல்லப் போனால் வேறேதோ திறக்கிறது என்று சலித்துக்கொள்ளும் பெரியவர்களுக்கு, இந்த வரிசையைப் பழையபடி மாற்றிக் கொடுத்தாலே பாதித் தொல்லை தீரும்.

மாமி வீட்டில் நேர்ந்தது போல எல்லா வீட்டிலும் பேரன்தான் காரணம் என்று கொள்ள வேண்டாம். படம் பார்க்கும்போதோ, முழுத்திரையில் குர்ஆன் ஓதும் செயலியைத் திறந்திருக்கும்போதோ பொத்தான்கள் மறைவது இயல்பே. விளிம்பிலிருந்து ஒருமுறை தள்ளினால் சில வினாடிகள் தலைகாட்டிவிட்டு மறையும். அவை தெரியும்போதே தொட்டுவிட வேண்டும். சில கைப்பேசிகளில் பொத்தான் வரிசையின் ஓரத்தில் ஒரு சிறு புள்ளியோ, கீழ்நோக்கிய அம்போ இருக்கும். அதில் விரல் பட்டாலே வரிசை முழுவதும் ஒளிந்துகொள்ளும். அடியிலிருந்து மேல்நோக்கித் தள்ளினால் வெளிவரும். வந்ததும் அந்த ஒளிக்கும் வசதியையே அமைப்புகளில் நிறுத்திவிடுவது நல்லது. பழைய கைப்பேசிகள் சிலவற்றில் திரைக்கு வெளியே, கீழே, தொடும் பொத்தான்கள் இருக்கும். அவற்றின் விளக்கு மட்டும் அணைந்திருக்கும். இடத்தைத் தொட்டால் வேலை செய்யும்.

ஒரு செயலியை மட்டும் திரையில் 'ஊசி குத்தி' நிறுத்தும் வசதி ஒன்று 2014 முதல் ஆண்ட்ராய்டில் உண்டு. குழந்தையிடம் கொடுக்கும்போது வேறெதையும் திறக்காமலிருக்க ஏற்பட்டது அது. தவறுதலாக அது நேர்ந்துவிட்டால், பொத்தான் உள்ளவர்கள் பின்செல்லும் பொத்தானையும் முன்பு திறந்தவற்றைக் காட்டும் பொத்தானையும் ஒருசேர அழுத்திப் பிடிக்க வேண்டும். பொத்தான் இல்லாதவர்கள் கீழிருந்து மேலே தள்ளி நிறுத்திப் பிடிக்க வேண்டும். அதே போல், தொட்டதையெல்லாம் கைப்பேசி உரக்கப் படித்துக் காட்டத் தொடங்கிவிட்டால், பார்வையற்றோருக்கான டாக்பேக் வசதி விழித்துக்கொண்டது என்று பொருள். அப்போது ஒரு விரல் தள்ளாது. இரு விரல்களால் தள்ள வேண்டும்.

இப்போது கடைக்காரர் சொன்ன "டிஸ்பிளே போய்விட்டது" என்பதற்கு வருவோம். அது உண்மையாகவும் இருக்கக்கூடும். கீழே விழுந்த கைப்பேசியில், அல்லது மலிவான மாற்றுத் திரை பொருத்திய கைப்பேசியில், அடிப்பகுதி மட்டும் கறுத்துப் போவதும், தொட்டால் உணராமல் போவதும் உண்டு. அதை வீட்டிலேயே அறிந்துகொள்ள ஓர் எளிய சோதனை இருக்கிறது. அணைக்கும் பொத்தானையும் ஒலியைக் குறைக்கும் பொத்தானையும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். திரையில் உள்ளது அப்படியே படமாகப் பதிவாகும். அப்படத்தை வேறொருவர் கைப்பேசிக்கு அனுப்பி அங்கே பாருங்கள். உங்கள் திரையில் தெரியாத பொத்தான்கள் அப்படத்தில் தெரிந்தால், குற்றம் கண்ணாடியில்தான். படத்திலும் இல்லையென்றால் கண்ணாடிக்கு ஒன்றுமில்லை; அமைப்புதான் மாறியிருக்கிறது. பொத்தான் தெரிகிறது, ஆனால் அழுத்தினால் கேட்கவில்லை என்பவர்கள், முகப்பில் உள்ள ஏதேனும் ஒரு சின்னத்தை அழுத்திப் பிடித்துத் திரை முழுவதும் மெல்ல இழுத்துப் பாருங்கள். ஓரிடத்தில் அது விரலை விட்டு நழுவி நின்றுவிட்டால், அவ்விடத்தில் திரை உணர்விழந்துவிட்டது என்று கொள்ளலாம். கடைக்குச் செல்லும் முன் இச்சோதனைகளைச் செய்துவிட்டுச் சென்றால், கடைக்காரர் சொல்வதை நாமும் புரிந்துகொள்ளலாம், அவரும் யோசித்துச் சொல்வார்.

திரை மாற்றும் வரை சமாளிக்க, எழுத்துரு பெரிதாக்கும் 'அக்சசிபிலிட்டி' பகுதியில் உதவிப் பட்டியல் ஒன்று இருக்கிறது. சாம்சங்கில் அசிஸ்டன்ட் மெனு என்பார்கள். அதை இயக்கினால் திரையில் மிதக்கும் ஒரு சின்னம் தோன்றும். பொத்தான்களின் வேலையை அது செய்யும். ஐபோன் வைத்திருப்போருக்கு அதே பகுதியில் டச் என்பதன் உள்ளே அசிஸ்டிவ் டச் என்று உண்டு. வட்டப் பொத்தான் பழுதடைந்த பழைய ஐபோன்களை இதைக் கொண்டே பல ஆண்டுகள் ஓட்டியவர்களை நான் அறிவேன்.

இவை எதுவும் வேண்டாம், பொத்தான் தரும் செயலி ஒன்றைப் பதிவிறக்கிக்கொள்கிறேன் என்று சிலர் கேட்கலாம். நான் வேண்டாம் என்றே சொல்வேன். அத்தகைய செயலிகள் வேலை செய்வதற்கு அந்த 'அக்சசிபிலிட்டி' அனுமதியைக் கேட்கும். அவ்வனுமதி பெற்ற செயலியால் உங்கள் திரையில் உள்ளதை வாசிக்கவும், உங்களுக்குப் பதிலாக அழுத்தவும் முடியும். நல்ல செயலிகளும் இருக்கலாம். ஆனால் வங்கிக் கணக்கும் அதே கைப்பேசியில் இருக்கும்போது, கைப்பேசியிலேயே உள்ள வசதியை விட்டுவிட்டு முகம் தெரியாதவரின் செயலிக்கு இந்த அதிகாரத்தைக் கொடுப்பானேன்? "நான் சரிசெய்து தருகிறேன், இந்தச் செயலியை இறக்குங்கள், அதில் வரும் எண்ணைச் சொல்லுங்கள்" என்று தொலைபேசியில் யாராவது சொன்னால் உடனே துண்டித்துவிடுங்கள். தூரத்திலிருந்து நம் திரையைப் பார்க்க உதவும் எனிடெஸ்க் செயலியைப் பயன்படுத்தி நடக்கும் பண மோசடி குறித்து ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே வங்கிகளை எச்சரித்திருக்கிறது. பணம் போய்விட்டால் தாமதமின்றி 1930 என்னும் எண்ணை அழைக்க வேண்டும். இந்த எண்ணை வீட்டுப் பெரியவர்களின் கைப்பேசியில் இன்றே பதிந்து வையுங்கள்.

அடுத்து, அழித்துப் புதிதாகப் போடுவது. அதைக் கடைசிக்கும் கடைசியாக வையுங்கள். முதலில் கைப்பேசியை ஒருமுறை அணைத்து உயிர்ப்பியுங்கள். முகப்பை அலங்கரிக்கும் லாஞ்சர் செயலி ஏதேனும் அண்மையில் சேர்த்திருந்தால் அதை நீக்கிப் பாருங்கள். மேற்சொன்ன அமைப்புகளை ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். அப்படியும் ஆகாமல் அழிக்கத்தான் வேண்டும் என்றால், உள்ளே என்ன இருக்கிறது, எதற்குப் பிரதி இருக்கிறது, எதற்கு இல்லை என்று வைத்திருப்பவரிடம் உட்கார்ந்து கேட்டுவிட்டு அழியுங்கள். பத்து நிமிடம் ஆகும். மாமியிடம் யாரும் கேட்கவில்லை.

இளையவர்களுக்கு ஒரு வார்த்தை. தள்ளி நகர்த்தும் முறை திரையை அகலப்படுத்துகிறது, விரைவாக இருக்கிறது என்பதெல்லாம் சரி. உங்களுக்குப் பிடித்தால் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அத்தா, அம்மா, நன்னிமார்களின் கைப்பேசியை வாங்கி விளையாடினால், வைத்தது வைத்தபடி திருப்பிக் கொடுங்கள். விரல் நுனி உலர்ந்தவர்களுக்கும் கை நடுங்குபவர்களுக்கும் ஓரத்திலிருந்து சரியான வேகத்தில் தள்ளுவது எளிதன்று; ஓரிடத்தில் நிலையாக நிற்கும் பொத்தானை அழுத்துவது எளிது. அவர்களுக்குப் பழைய முறையை வைத்துக் கொடுப்பதில் குறைவு ஒன்றும் இல்லை. நானே மூன்று பொத்தான்களோடுதான் இருக்கிறேன்.

முகையூரில் அன்று பொத்தான்கள் வந்ததும் மாமி முதலில் மகனை அழைக்கவில்லை. வாட்ஸ்அப்பைத் திறந்து, கீழே கீழே தள்ளிச் சென்று, மாமாவின் பதிவு ஒன்றைத் தொட்டார். மோட்டார் ஓடாத கதை அது. கேட்டு முடித்துவிட்டு, வட்டப் பொத்தானை அழுத்தி வெளியே வந்தார். மீண்டும் உள்ளே போய், மீண்டும் வெளியே வந்தார். பிறகுதான் தம்மாமுக்கு அழைப்புப் போயிற்று.

அப்பதிவுகளுக்கு அன்றைக்கே ஒரு பிரதி எடுத்து மகனுக்கும் மகளுக்கும் அனுப்பிவிட்டு வந்தேன். குரல் பதிவுகளையும் புகைப்படங்களையும் இப்படிப் பிரதி எடுத்து வைக்கும் முறையை, இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் எழுதுகிறேன்.

வஸ்ஸலாம்.